அண்ணன் பெயரில் அண்ணி செய்த கொலைகள்

அண்ணிக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். காய் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டுவிட்டால், கையை எட்ட நீட்டி, முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, நாத்தனாரைக் கூப்பிட்டு நிறைய வருகிறதா என்று பார்க்கச் சொல்வாள். அப்படிப்பட்டவள்தான் மாதம் தவறாமல் இரண்டு மூன்று பேரைக் கொன்றுகொண்டிருந்தாள். விஷம், கயிறு, மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, ஒருமுறை தையல் ஊசி என்று எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. கொன்றதெல்லாம் காகிதத்தில்தான். பழி மட்டும் அண்ணன் மேல் விழுந்தது. புத்தக அட்டையில் இருந்தது அவன் பெயர்.

இதையெல்லாம் கிட்ட இருந்து பார்த்தவள் அந்த நாத்தனார். அண்ணனுக்கு ஒரே தங்கை. வக்கீல் ஒருவரின் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அம்மா போன பிறகு, தன் பெட்டியையும் ஒரு பழைய டைப்ரைட்டரையும் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். மூன்றாவது மாடி, இரண்டு அறை, பால்கனியில் துணி காயப்போட்டால் ஆள் நிற்க இடமிருக்காது. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது. அதைச் சொல்லிச் சொல்லி அவனே சிரித்துக்கொண்டு படியேறுவான்.

அண்ணிக்கு ரயில் நிலையத்தில் வேலை. பயணிகள் தவறவிட்ட பொருட்களை வாங்கி வைத்து, தேடி வருகிறவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் பிரிவு. குடைகள், டிபன் பாக்ஸ்கள், ஊன்றுகோல்கள், யாரோ ஒருவருடைய பல்செட். பொருளைக் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் அதற்குச் சொந்தக்காரர்கள் இல்லை. நல்ல குடையாக ஒன்று கிடைக்காதா என்று வருகிறவர்கள். அண்ணி யாரையும் அதட்ட மாட்டாள். எந்த வண்டி, எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள், அப்போது மழை பெய்ததா என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டே போவாள். நான்காவது கேள்வியில் ஆள் கம்பி நீட்டிவிடுவான்.

ஒருநாள் அங்கே ஒரு வயலின் பெட்டி வந்தது. உள்ளே வயலின் இல்லை. இஸ்திரி போட்டு மடித்த ஆண்கள் சட்டைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. யாரும் தேடி வரவில்லை. அண்ணி சாப்பிடும்போது அதைப் பற்றியே பேசினாள், துணி துவைக்கும்போதும் பேசினாள். இப்படி உயிரை எடுப்பதற்கு எழுதித் தொலைத்தால் என்ன என்று அண்ணன் ஒருநாள் சலித்துக்கொண்டான். அவன் விளையாட்டாகச் சொன்னதை அவள் வேலையாக எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் இருந்த ஒரே மேஜையில் தையல் மெஷின். அதனால் இஸ்திரி போடும் பலகையை விரித்து, அதன்மேல் காகிதத்தை வைத்து, நின்றபடியே எழுதினாள். காலையில் வேலைக்குக் கிளம்பும் வரை, சாயங்காலம் அடுப்பில் உலை கொதிக்கும் வரை. கையெழுத்து கோழி கிண்டியது போலிருக்கும். அதைப் படிக்கக்கூடிய கண் வீட்டில் தங்கைக்கு மட்டுமே இருந்ததால், டைப் அடிக்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது.

வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தாள். அத்தனை சட்டைக்கும் சொந்தக்காரர்கள் யார், அவர்களையெல்லாம் கொன்றது யார் என்பது கதை. கடைசி அத்தியாயத்தை அடித்து முடித்ததும் தங்கைக்குக் கை ஓடவில்லை. துக்கம் விசாரிக்க வந்து எல்லோரையும்விட அதிகமாக அழுதவர்தான் கொலைகாரர். அதற்கான தடயம் இரண்டாம் அத்தியாயத்திலேயே இருந்தது. அவர் வீட்டுக்குள் வந்தபோது விளக்கின் ஸ்விட்சைத் தேடாமல் போட்டார் என்று ஒரு சாதாரண வரி. முதல் தடவையாக வந்தவருக்கு ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அந்த வரியை அவளே தன் பத்து விரலாலும் அடித்திருந்தாள். அடித்தும் பார்க்கவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள். அண்ணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் சோப்பு நுரை. தினமும் பார்த்த அதே அண்ணிதான். ஆனால் தங்கை அன்று வாசலிலேயே நின்று, புதிதாக ஒருவரைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தாள்.

பதிப்பாளர் பெப்பர்மிண்ட் சப்பிக்கொண்டே பேசுகிறவர். மாதம் ஒரு மர்ம நாவல் போட்டு, பஸ் நிலையக் கடைகளில் தொங்கவிட்டு விற்பவர். கதையை ஒரே மூச்சில் படித்துவிட்டு, அப்போதே அச்சுக்குப் போகலாம் என்றார். ஒரே ஒரு தடங்கல். பெண் பெயரில் கொலைக்கதை வந்தால் எவனும் கையால் தொட மாட்டான் என்பது அவர் கணக்கு. அண்ணி முகம் வாடிப்போய் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, சாவகாசமாகச் சொன்னான்.

"என் பேரைப் போட்டுக்கோ. வருஷத்துக்கு ஒருதரம் சம்பள உயர்வு கேட்கும்போதுதான் வெளியே எடுக்கிறேன். மத்தபடி சும்மாதானே கிடக்குது."

அப்படித்தான் ஒரு லிஃப்ட் மெக்கானிக் எழுத்தாளர் ஆனான்.

அதற்குப் பிறகு நடந்ததை இப்போது யாரிடமாவது சொன்னால், தங்கை காதில் பூ சுற்றுவதாக நினைப்பார்கள். மாதம் ஒன்று என்று ஆரம்பித்தது இரண்டானது. பதிப்பாளர் அட்டையை முதலில் அச்சடித்துவிடுவார், தலைப்பையும் அறிவித்துவிடுவார். கதை அதற்குப் பிறகுதான் எழுதப்பட வேண்டும். ஒருமுறை ஓவியர் குழம்பிப்போய், குழந்தைகள் புத்தகத்துக்கு வரைந்த கிளிப்படத்தை இங்கே கொடுத்துவிட்டார். ஆயிரக்கணக்கில் அச்சாகிவிட்டது. மேலே சிவப்பு எழுத்தில் பயங்கரமான தலைப்பு, கீழே பச்சைக் கிளி. பதிப்பாளர் வீட்டுக்கே ஓடிவந்து, இரண்டு பெப்பர்மிண்டை ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணி அட்டையைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, கிளி பேசுமா பேசாதா என்று அவரிடம் கேட்டாள். அவர் விழித்தார். பேசாத கிளி என்றால் கதை நன்றாக வரும் என்று சொல்லிவிட்டு இஸ்திரிப் பலகையை விரித்தாள். பேசிக்கொண்டிருந்த கிளி ஏன் ஒருநாள் பேச்சை நிறுத்தியது என்ற அந்தக் கதை மாதிரி இன்னொன்று எழுதச் சொல்லி வாசகர்கள் வருடக்கணக்கில் கேட்டார்கள். கிளியை ஓவியரின் அபாரமான யோசனை என்று பாராட்டினார்கள்.

புகழெல்லாம் அண்ணனுக்கு. முடிவெட்டும் கடையில் வரிசையில் உட்காரவிட மாட்டார்கள். ஒரு இன்ஸ்பெக்டர் லிஃப்ட் பழுதுபார்க்க வந்தவனை ஓரமாக அழைத்துப்போய், தன்னிடம் இருக்கும் ஒரு வழக்கைச் சொல்லி யோசனை கேட்டார். அண்ணன் தாடையைத் தடவிக்கொண்டு, அதை இப்போது சொல்லக்கூடாது, அடுத்த புத்தகத்தில் வருகிறது என்று தப்பித்தான். நூலகம் ஒன்றில் கூட்டம் போட்டு அவனைப் பேசக் கூப்பிட்டார்கள். தெரிந்ததைத்தானே பேச முடியும்? ஒரு மணி நேரம் லிஃப்டைப் பற்றிப் பேசினான். மேலே போவது பெரிய விஷயமில்லை, நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதுதான் பெரிது என்றான். மேலே போகிற பெட்டிக்கு எதிர்ப்பக்கம் ஒரு எடை கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது, அதை யாரும் பார்ப்பதில்லை என்றான். கூட்டம் மர்மக்கதையின் இலக்கணத்தைக் கேட்டதாக நினைத்துக் கைதட்டியது. பின்வரிசையில் அண்ணியும் தங்கையும் சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார்கள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அந்த எதிர்ப்பக்க எடையைப் பற்றி அண்ணி அவனிடம் துருவித் துருவிக் கேட்டாள். அடுத்த மாதம் அதில் ஒருவன் மாட்டிச் செத்தான்.

உங்களுக்கு வருத்தமே இல்லையா அண்ணி, யாரோ கைதட்டல் வாங்குகிறார்களே என்று தங்கை ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். அண்ணிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. யாரோ இல்லையே, அவர்தானே என்றாள்.

இப்படிப் பதினைந்து பதினாறு வருடம் போனது.

ஒருநாள் சாயங்காலம் அண்ணன் வேலை முடிந்து, படியேறி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். அண்ணி கொண்டுவந்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை. அவ்வளவுதான். இதயம் என்றார் டாக்டர். அதற்கு முன் ஒரு தலைவலிகூட வந்ததில்லை அவனுக்கு.

மறுநாள் பத்திரிகைகளில் செய்தி வந்தது. புகழ்பெற்ற மர்ம நாவலாசிரியர் காலமானார் என்று. காலையிலிருந்து படிக்கட்டில் ஜனம் நின்றது. மூன்று மாடிக்கும் வரிசை. பஸ் கண்டக்டர்கள், ஆஸ்பத்திரி நர்சுகள், கல்லூரிப் பிள்ளைகள், கடையை மூடிவிட்டு வந்த வியாபாரிகள். முன்பின் தெரியாதவர்கள் வாய்விட்டு அழுதார்கள். உங்கள் வீட்டுக்காரர் எழுத்து இல்லாவிட்டால் அந்த நாட்களை எப்படித் தள்ளியிருப்பேன் என்று அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். அண்ணி ஒவ்வொருவருக்கும் தலையசைத்தாள். தன் சொந்த எழுத்துக்கு அத்தனை பேர் அழுவதை, புருஷனைப் பறிகொடுத்தவளாக மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சியைத் தங்கையால் இன்றுவரை யாருக்கும் சரியாக விளக்க முடிந்ததில்லை.

கடைசியாக ஒரு வயதான நர்ஸ் வந்தார். போவதா நிற்பதா என்று தயங்கினார். பிறகு அண்ணியின் காதருகே குனிந்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. கேட்கக்கூடாத நேரம்தான். போன மாசக் கதை பாதியில நிக்குது, ரெண்டாம் பாகம் அடுத்த மாசம்னு போட்டிருந்தாங்க. அதை அவர் முடிச்சிட்டாரா?"

தங்கைக்குச் சுரீரென்றது. ஆனால் அண்ணி நிமிர்ந்து அந்த அம்மாளைப் பார்த்தாள். அன்று முழுவதும் அவள் யாரையும் அப்படிப் பார்க்கவில்லை.

"முடிஞ்சிடும்மா. சொன்ன தேதிக்கு வந்துடும்," என்றாள்.

அந்த வாரம் முடிவதற்குள் ஒரு காலை, தங்கை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது இஸ்திரிப் பலகையின் கால் விரியும் கிரீச் சத்தம் கேட்டது. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செத்தது அவள் அண்ணன். அவன் நாற்காலியில் இன்னும் அவன் சட்டை தொங்குகிறது. நேராகப் போய்ப் பலகைக்கு எதிரே நின்றாள்.

"இதுகூட முடியலையா அண்ணி? கொஞ்ச நாள் பொறுக்க முடியலையா உங்களால?"

அண்ணி பேனாவை மூடவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"அவர் ஏன் செத்தாருன்னு டாக்டரைக் கேட்டேன். இதயம்னாரு. அது எப்படின்னு சொன்னாரு, ஏன்னு சொல்லல. எத்தனை பேரைக் கேட்டாலும் யாருக்கும் தெரியல. இங்க ஒருத்தன் செத்தா, ஏன் செத்தான்னு கடைசிப் பக்கத்துல தெரிஞ்சிடும். எனக்கு இப்ப அது ஒண்ணு தெரிஞ்சாகணும். வேற எங்க போய் நான் நிக்கிறது, சொல்லு."

தங்கை பலகைக்கு எதிரேயிருந்து நகர்ந்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, டைப்ரைட்டரின் உறையைக் கழற்றினாள்.

அந்தக் கதையில் ஒருவன் காணாமல் போயிருந்தான். செத்துவிட்டான் என்று எல்லோரும் நம்ப, மனைவி மட்டும் நம்பாமல் தேடுகிறாள். ஒவ்வொரு பக்கமாக அடிக்க அடிக்கத் தங்கைக்கு ஒரு நம்பிக்கை வளர்ந்தது. அண்ணி அவனைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவாள். கடைசிப் பக்கத்தில் அவன் கதவைத் தட்டுவான். இத்தனை பேரைக் கொன்றவளுக்கு ஒருத்தனைப் பிழைக்க வைக்க உரிமை இல்லையா? கடைசித் தாள் வந்தது. அவன் வரவில்லை. எப்படிச் செத்தான், ஏன் செத்தான் என்பது மட்டும் துல்லியமாக இருந்தது. தங்கை டைப்ரைட்டர் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

கொண்டுவந்திருக்கலாமே அண்ணி என்று அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"முதல் பாகத்துலேயே அவன் மூக்குக்கண்ணாடி ஆத்தோரத்துல கிடக்குதே. அது இல்லாம அவன் பத்தடி நடக்க மாட்டான்னு நானே எழுதியிருக்கேன். இப்ப எனக்கு வேணும்னு மாத்தினா, படிக்கிறவங்களை ஏமாத்தின மாதிரி."

அடுப்பங்கரைக்கும் ரயில் நிலையத்துக்கும் நடக்கிற இந்தச் சின்ன உருவத்துக்குள் இருப்பது என்ன மாதிரி மனசு என்று தங்கை அன்று மலைத்துப்போனாள். மலையடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒருநாள் தலையைத் தூக்கிப் பார்க்கும்போது வருமே, அந்த மாதிரி மலைப்பு.

பதிப்பாளருக்கோ வேறு கவலை. உண்மையைச் சொன்னால் இத்தனை வருடம் பொய் சொன்னதாக ஆகும். சொல்லாவிட்டால், செத்தவர் எப்படி எழுதுவார்? மறைந்த ஆசிரியரின் அலமாரியில் கண்டெடுத்த கதை என்று அறிவித்தார். அடுத்த மாதம் இன்னொன்றைக் கண்டெடுத்தார். அந்த அலமாரி வற்றாத கிணறாக இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியது. ஜனங்கள் இறந்தவருக்கு இன்னும் அதிகமாக உருகினார்கள்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் தங்கைக்குக் கடைவாய்ப்பல் வலி. அவர்கள் தெருவில் இருந்த பல் டாக்டர் அண்ணன் கதைகளுக்குப் பரம ரசிகர். அவளை நாற்காலியில் சாய்த்து, வாயைப் பிளக்க வைத்து, பஞ்சைத் திணித்துவிட்டு நிதானமாகப் பேச ஆரம்பித்தார்.

"உங்க அண்ணன் போன வருஷம் மழைக்காலத்துல தவறினார், இல்லையா? இந்த மாசக் கதையில கொலைகாரன் ரயில் நிலையத்துல நகரும் படிக்கட்டுல ஏறித் தப்பிக்கிறான். அந்தப் படிக்கட்டைத் திறந்து அஞ்சு மாசம்கூட ஆகல. இன்னும் கொஞ்சம் வாயைத் திறங்க. அது பாதி உயரத்துக்கு வரும்போது மட்டும் டக்குன்னு ஒரு சத்தம் போடும்னு எழுதியிருக்கார். நேத்து நானே போய் ஏறிப் பார்த்தேன். போடுது. செத்தவருக்கு அது எப்படித் தெரியும்?"

தங்கையால் ஆ என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்ல முடியவில்லை. மூக்கு நுனியில் வியர்த்துவிட்டது. பல்லைப் பிடுங்கினாரா விட்டாரா என்றுகூடத் தெரியாமல் வீட்டுக்கு ஓடிவந்து, வீங்கிய கன்னத்தோடு விஷயத்தைக் கொட்டினாள். அண்ணி பதறுவாள் என்று நினைத்தாள். அண்ணியின் முகத்தில், அண்ணன் போன பிறகு முதல் தடவையாக, ஒரு முழுச் சிரிப்பு வந்தது.

"கண்டுபிடிச்சிட்டாரா? நாலு புத்தகமா இப்படி ஒவ்வொரு தடயமா வெச்சுக்கிட்டே வரேன். ஒருத்தரும் பார்க்கலையேன்னு கஷ்டமா இருந்துச்சு."

தங்கை உட்கார்ந்துவிட்டாள். அந்தப் புத்தகங்களையும் அவள்தானே அடித்தாள்?

கண்டுபிடித்தது பல் டாக்டர் மட்டும் இல்லை என்பது சீக்கிரமே தெரிந்தது. பதிப்பாளரின் டெலிபோன் ஓயவில்லை. கொலைகாரனைக் கண்டுபிடிக்கப் பதினாறு வருடமாக அண்ணி யாருக்கெல்லாம் பயிற்சி கொடுத்தாளோ, அவர்கள் எல்லோரும் சேர்ந்து இப்போது எழுத்தாளரைக் கண்டுபிடிக்கக் கிளம்பியிருந்தார்கள். அந்த லிஃப்ட் பேச்சு மேடையில் நடந்தபோது பின்வரிசையில் ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டிருந்ததைக்கூட ஒருவர் ஞாபகம் வைத்துச் சொன்னார். ரயில் நிலைய விவரம் இவ்வளவு துல்லியமாக யாருக்குத் தெரியும் என்று இன்னொருவர் முடிச்சுப் போட்டார். பதிப்பாளர் வீட்டுக்கு வந்து, இனி என் கையில் ஒன்றும் இல்லை என்று சரணடைந்தார். அடுத்த அட்டையில் அண்ணியின் பெயர் வந்தது.

எல்லோரும் கொண்டாடவில்லை. ஏமாந்ததாகக் கோபப்பட்டுச் சிலர் வாங்குவதை நிறுத்தினார்கள். பெண் எழுத ஆரம்பித்த பிறகு பழைய விறுவிறுப்பு போய்விட்டது என்று ஒரு பேராசிரியர் மேடையில் ஆதாரத்தோடு விளக்கினார். பழையதும் அவள் எழுதியதுதான் என்பது அவர் காதில் ஏறவில்லை. அண்ணிக்கு அது சிரிப்பாக இருந்தது. ரயில் நிலையத்தில் அவள் ஜன்னலுக்கு எதிரே, தொலைக்காத குடையைத் தொலைத்ததாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் பெருகினார்கள். கேள்வி கேட்கச் சொல்லிக் கெஞ்சி, நான்காவது கேள்வியில் மாட்டிக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பிப் போவார்கள். அந்த நர்ஸ் அம்மாளும் ஒருநாள் வந்தார். குடை எதுவும் கேட்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை உள்ளே நீட்டி அண்ணியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

இப்போது அண்ணிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. எத்தனை நாவல் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ரயில் நிலையத்து வேலையிலிருந்து எப்போதோ ஓய்வு. விரல் மூட்டுகள் வீங்கிப் பேனா பிடிக்க முடியவில்லை. அதனால் சொல்லச் சொல்லத் தங்கை கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே சொல்கிறாள். கமா, முற்றுப்புள்ளி உட்பட. அதை அழி என்று அவள் சொல்லித் தங்கை இதுவரை கேட்டதில்லை. வாக்கியங்கள் எங்கோ முன்னமே முடிந்து, வரிசையில் நின்று காத்திருப்பது போல ஒவ்வொன்றாக வருகின்றன. தங்கையின் விரல்கள் அடிக்கின்றன. மனசு பக்கத்தில் நின்று வாய் பிளந்து பார்க்கிறது.

போன மாதம் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் இடுப்பில் குழந்தையோடு கதவைத் தட்டினாள். முகம் வெளுத்திருந்தது. ஜன்னல் வழியாக, கழுத்தை நெரித்த பிறகு பிணத்தை சோபாவுக்குள் வைத்துத் தைத்துவிட்டார்கள் என்று யாரோ அமைதியாகச் சொல்வது கேட்டது, போலீசைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். தங்கை அவளை உள்ளே அழைத்து உட்கார வைத்து, விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் அண்ணியை ஏற இறங்கப் பார்த்தாள். மூச்சு சீரானதும் குழந்தையை மடியில் மாற்றிக்கொண்டாள்.

"சோபாவை யார் வாங்கிட்டுப் போனாங்க?" என்றாள்.

அண்ணிக்கு அது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அவள் ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பியிருந்தாள்.

"கமா," என்றாள். "வண்டிக்காரன் பணத்தை வாங்கிக்கொண்டு விலாசத்தை மறுபடி ஒருமுறை படித்தான், முற்றுப்புள்ளி."

தங்கை அடித்தாள்.